கஞ்சிக்குப் பெயர் சாப்பாடு இல்லை

சிம்வாலாவில் லெஸ்தினாவுக்குச் சோம்பேறி என்று பெயர். அதை அவளேதான் சம்பாதித்துக்கொண்டாள். மலாவியின் ந்ச்சீசி மலைக்குக் கீழே மழைக்காலம் வந்தால் ஊரே வயலில் குனிந்து கிடக்கும். அப்படிக் குனிந்து மக்காச்சோளத்துக்குக் களை கொத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் நிமிர்ந்தாள், களைக்கொட்டைக் கீழே போட்டாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வரிசைக்கு வரிசை காலில் சிக்கிக்கொண்டிருந்தன. ஒன்று மண்ணைத் தின்றது. ஒன்று எறும்புப் புற்றின்மேல் உட்கார்ந்து அலறியது.

"எனக்கு இடுப்பு வளையல. இதுங்கள நான் பாத்துக்கறேன். என் வரிசைய நீங்க சேத்துக் கொத்திடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். சிம்வாலாவின் பாலர் பள்ளி வயலோரத்து மரத்தடியில் இப்படித்தான் தொடங்கியது. பிறகு ஊரே சேர்ந்து செங்கல் அறுத்து ஓர் அறை கட்டியது. சோடா மூடிகளை வைத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். சாம்பலைத் தரையில் பரப்பி விரலால் எழுத வைத்தாள். அங்கிருந்து முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் வாசலில் நின்று அழுவதில்லை என்று பெரிய பள்ளி ஆசிரியர் சொன்னார். லெஸ்தினாவுக்குச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அவள் வயலில் மற்றவர்கள் களை கொத்தினார்கள், அவ்வளவுதான்.

பின்னால் ஓர் உதவி நிறுவனம் மாவு கொடுக்க ஆரம்பித்தது. மக்காச்சோளமும் சோயாவும் வறுத்து அரைத்த மாவு. காலையில் பிள்ளைகள் வந்ததும் ஆளுக்கொரு கோப்பை கெட்டிக் கஞ்சி. குதிர்கள் காலியாகிக் கிடக்கும் ஜனவரியிலும் சிம்வாலாவின் சின்னப் பிள்ளைகளுக்குக் கன்னம் இருந்தது.

லெஸ்தினாவின் ஒரே மகள் தியமிகே. மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் கைப்பம்பு பழுதுபார்ப்பவள். ஒரு ஜனவரியில் சிம்வாலாவின் பம்பு நின்றுபோனது. தியமிகே மோட்டார் சைக்கிளில் கம்பிகளைக் கட்டிக்கொண்டு வந்து பம்பைத் திறந்தாள். உள்ளே கம்பி ஒடிந்திருந்தது, தோல் வளையம் தேய்ந்திருந்தது. கையெல்லாம் கிரீஸாக இருந்தபோது அம்மா கழுவாத கோப்பைகளையும் பானையையும் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து அந்த வழியாக ஓடைக்குப் போனாள்.

"எப்ப முடியும்?"

"சாயங்காலம் ஆயிடும்மா."

"நீ பம்பு பாக்குறியா, பம்பு உன்னப் பாக்குதா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். பள்ளியில் பெரிய பெண்பிள்ளை ஒருத்தி காவலுக்கு இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிறுவனத்தின் வண்டி வந்தது. இறங்கியவர் பெயர் ம்பெகியானி, அந்த வட்டாரத்துக்குப் புதிய அதிகாரி. நல்ல மனிதர். பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். இன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து, பாட்டுச் சொல்வது போல, இல்லை என்றார்கள். நேற்று இங்கே சாப்பிட்டீர்களா? இல்லை. டீச்சர் சாப்பாடு தருவார்களா? முன்வரிசையில் யாங்கோ என்ற நான்கு வயதுப் பெண் எழுந்து நின்றாள். "டீச்சர் தரமாட்டாங்க. சாப்பாடு அம்மாதான் தருவாங்க, சாயங்காலம்" என்றாள்.

ம்பெகியானி சமையல் குடிசையை எட்டிப் பார்த்தார். அடுப்பு ஆறிக் கிடந்தது. பானை இல்லை, கோப்பை இல்லை. மூலையில் காலி மாவுச் சாக்குகள் மட்டும் மடித்து அடுக்கியிருந்தன. ஊர்த் தலைவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வண்டியேறினார். லெஸ்தினா ஓடையிலிருந்து திரும்பியபோது சக்கரத் தடம்தான் இருந்தது.

மறுவாரம் மாவு வரவில்லை. லெஸ்தினா மாவை விற்றுவிட்டாள் என்ற செய்தி வந்தது.

தலைவர் கசிகாம்பா முற்றத்தில் கூட்டம் போட்டார். பம்பு வேலை முடிந்தும் தியமிகே ஊரிலேயே தங்கியிருந்தாள். யாங்கோவின் அம்மா மெலியா முதலில் பேசினாள். தன் மகள் தினமும் வீட்டுக்கு வந்ததும், பள்ளியில் சாப்பிடவில்லை என்றுதான் சொல்கிறாள், தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே தப்பு என்றாள். வேறு சிலரும் தலையாட்டினார்கள். யாங்கோ என்றால் அவர்கள் மொழியில் பதில். பெயருக்கு ஏற்றபடி நல்ல பதிலாகச் சொல்லிவிட்டாள் என்று பின்னால் இருந்து யாரோ சொல்ல, ஆண்கள் சிரித்தார்கள்.

பெண்கள் தலைவரிடம் பேசும்போது முழங்காலிட வேண்டும். லெஸ்தினா முழங்காலிட்டாள். குரல் மட்டும் முழங்காலிடவில்லை.

"அவரு என்ன கேட்டாரு? சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு. புள்ளைங்க சாப்பிடல. நான் எப்ப சாப்பாடு போட்டேன்? நான் ஊத்துறது கஞ்சி."

அது உண்மைதான். அந்த ஊரில் சாப்பாடு என்றால் ந்சீமா, கையால் உருட்டி எடுக்கும் வெள்ளைக் களி. கஞ்சி குடிப்பது. குடித்தவன் சாப்பிட்டவன் ஆகமாட்டான். மெலியாவே காலையில் கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தாள், கேட்டால் சாப்பிடவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே போய்விட்டால் சொல்லின் அர்த்தம் சொல்லி அதை வெளியே எடுக்க முடியாது. சாக்கு சாக்காக வந்த மாவெல்லாம் கஞ்சிக்கே போச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தலைவர் இதைச் சுலபமாக முடிக்கப் பார்த்தார். "இதுக்கு ஏம்மா இவ்வளவு? இனிமே யாரு வந்து கேட்டாலும் சாப்பிட்டோம்னு சொல்லுங்கடான்னு புள்ளைங்களுக்குப் பழக்கிவிடு. பாட்டு சொல்லித் தர்றல்ல, அது மாதிரி."

"பழக்க மாட்டேன்."

"ஏன்?"

"வந்தவங்களுக்குப் பிடிச்சதச் சொல்லுன்னு நாலு வயசுலயே சொல்லிக்குடுத்தா, அப்புறம் நான் எதுக்கு எழுத்து சொல்லிக்குடுக்கணும், தலைவரே?"

அப்படியானால் அதிகாரியிடம் நீயே பேசிக்கொள் என்றார் தலைவர். ஊர்ப்பெயர் கெட்டுப்போனது, அவர் வந்து சரி என்று சொல்லும்வரை பள்ளியை மூடிவைப்பதே நல்லது என்றும் சொன்னார். அந்த வாரம் லெஸ்தினாவின் வரிசைகளில் யாரும் களை கொத்தவில்லை. புல் முழங்கால் உயரம் வந்தது.

தியமிகே அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். சேற்றுப் பாதை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அம்மா வழியெல்லாம் பேசவில்லை, மகளின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ம்பெகியானி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மரியாதையாகத்தான் கேட்டார். லெஸ்தினா நடந்ததைச் சொன்னாள், கஞ்சி வேறு சாப்பாடு வேறு என்பதையும் சொன்னாள். அவர் தேநீரில் பன்னைத் தோய்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், தான் இந்த வேலைக்கு நேற்று வந்தவன் இல்லை, மாவு காணாமல் போன இடங்களில் எல்லாம் இப்படி ஒரு கதை இருக்கும் என்றார்.

"கஞ்சி சாப்பாடு இல்லையாம்மா? வயித்துக்குள்ள போறது எல்லாம் சாப்பாடுதான். என்கிட்ட வார்த்தை விளையாட்டு வேணாம்."

தியமிகேவுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்தாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போது கதவைத் திறந்து பக்கத்து அறைக்காரர் தலையை நீட்டினார். "சார், சாப்பிட்டாச்சா? கடைல ந்சீமா இறக்கிட்டான், நான் கிளம்பறேன்."

"எங்கப்பா சாப்பிட்டேன்? காலைலேர்ந்து வயித்துல ஒண்ணுமே போகல" என்றார் ம்பெகியானி. வாய் நிறையப் பன் இருந்தது.

கதவு மூடியது. தியமிகே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரித்துவிடுவோம் என்று பயம். லெஸ்தினா சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ம்பெகியானி கையிலிருந்த பன்னைப் பார்த்தார். மென்று விழுங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லும்" என்றார் கடைசியில். "ரெண்டு கோப்பை கஞ்சி குடிச்சிட்டு, ஊர்லேர்ந்து போன் பண்ணி, இன்னும் சாப்பிடலடான்னு சொல்லும்."

மன்னிப்பும் கேட்டார். ஆனால் அறிக்கை தலைநகர் லிலோங்வேக்குப் போய்விட்டது, சிம்வாலாவின் மாவு வேறு ஊருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மேலேயிருந்து ஆள் வந்து பார்த்தால்தான் மறுபடி தர முடியும், அது மழை ஓய்ந்த பிறகுதான். அதுவரை பள்ளியை மூடிவைக்கச் சொன்னார். பசிக்காலத்தில் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள் என்றார்.

"பசிக்காலத்துல மூடுறதுக்கா அதத் திறந்தேன்?" என்று கேட்டுவிட்டு லெஸ்தினா எழுந்தாள்.

திரும்பும் வழியில் பேசினாள். தன் குதிரில் மிச்சமிருக்கும் மக்காச்சோளத்தை நாளைக்கே இறக்கி இடிக்க வேண்டும் என்றாள். தியமிகே வண்டியை நிறுத்தினாள். அறுவடை வரை அம்மாவுக்கு இருப்பதே அதுதான். வயலில் இந்த வருஷம் ஒன்றும் தேறாது, புல் மூடிவிட்டது. அது அம்மாவுக்கும் தெரியும்.

"நீ என்னத்தச் சாப்பிடுவ?"

"உனக்கு வேலை இருக்கு. நீ அனுப்பு."

"அனுப்பறேன். அதையும் பானைல போட்டுடுவ."

"போடுவேன்" என்றாள் லெஸ்தினா. "வண்டிய எடுடி. மழை வருது."

மறுநாள் அவள் பானையைக் குடிசைக்குள் வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி, வயலுக்குப் போகும் பாதையோரம் மூன்று கல் கூட்டி வைத்தாள். முதல் நாள் கொஞ்சம் பிள்ளைகள்தான் வந்தார்கள். மெலியா களைக்கொட்டைத் தோளில் போட்டபடி நின்று, மாவு போடுவதையும் கிண்டுவதையும் ஊற்றுவதையும் பார்த்தாள். கடைசிப் பிள்ளை கோப்பையை நக்கும்வரை நகரவில்லை. லெஸ்தினா அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று மதியம் லெஸ்தினாவின் வயலில் மெலியா தனியாகக் குனிந்திருந்தாள். அடுத்த நாள் இன்னும் சிலர் அந்த வயலில் இறங்கினார்கள்.

மழை விடாத வாரங்கள் வந்தன. லெஸ்தினா வீடு வீடாகப் போனாள். ஒரு பிடி நிலக்கடலை இருக்கிறதா? இல்லையென்றால் பூசணி இலை. அதுவும் இல்லையென்றால் விறகு. விறகும் நனைந்திருந்தால் நீயே வா, வந்து கிண்டு. தவிட்டையும் சலித்துச் சேர்த்தாள். கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்தது. கஞ்சி தண்ணியா இருந்தா பாட்டு நீளமா இருக்கணும் என்று சொல்லி, கேட்பவர்களுக்குச் சலித்துப் போகும் அளவுக்கு நீளமான பாட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். சம்பளம் வந்ததும் தியமிகே ஒரு மூட்டை மக்காச்சோளம் அனுப்பினாள். அது எங்கே போனது என்று கேட்கவில்லை. அம்மாவின் தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. ஒரு நாளும் பானை ஏறாமல் இல்லை.

நிறுவனத்தின் லாரி அறுவடை முடிந்து, எல்லாக் குதிரும் நிறைந்த பிறகு வந்தது. ம்பெகியானியே கூட வந்து மூட்டை இறக்கினார். லெஸ்தினா நன்றி சொல்லி வாங்கி வைத்தாள். ஆனால் அந்த லாரியை இனி நம்பவில்லை. தலைவரிடம் போய் முழங்காலிட்டு, பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலம் கேட்டாள். தர மனமில்லாமல் ஓடைக்கரையில் ஒரு கல்லுமேட்டைக் காட்டினார். பெண்கள் கல் பொறுக்கினார்கள், சோயாவும் நிலக்கடலையும் போட்டார்கள். அடுத்த ஜனவரியில் மாவு தாமதமானது. பானை தாமதமாகவில்லை.

அதற்கும் அடுத்த பிப்ரவரியில் லெஸ்தினாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு போய்விட்டது. தியமிகே மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிணற்றில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தாள். அங்கே போனில் சிக்னல் இல்லை. அவள் வந்து சேர்ந்தபோது அம்மாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள்.

விடிந்தது. இழவு விழுந்த ஊரில் அடக்கம் முடியும்வரை யாரும் களைக்கொட்டைத் தொடமாட்டார்கள், உலக்கை சத்தம் கேட்கக்கூடாது. பெண்கள் உள்ளே அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள், ஆண்கள் வெளியே. பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வழக்கம்போல் கோப்பைகளோடு வந்து பள்ளி வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மெலியா தியமிகேவைத் தேடி வெளியே வந்தாள். என்ன செய்யட்டும் என்று கேட்டாள். தலைவர் அதைக் கேட்டுவிட்டு, இன்று பள்ளி கிடையாது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார்.

"உலக்கை எடுக்கல, தலைவரே. மாவு அரைச்சே இருக்கு" என்றாள் தியமிகே.

"உங்க அம்மாவ இன்னும் புதைக்கலம்மா."

"ஆமா. இன்னும் புதைக்கல. இப்ப பள்ளிக்கூடத்த மூடினா எழுந்து வந்துடும்."

தலைவர் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார், அடுப்பு கண்ணில் படாதபடி.

தியமிகே கல் கூட்டினாள், விறகு அடுக்கினாள், பற்ற வைத்தாள். நாற்பது அடி ஆழத்தில் கம்பி ஒடிந்த இடத்தை மேலே நின்று கைப்பிடியை அசைத்தே கண்டுபிடிப்பவள் அவள். கஞ்சி கிண்டத் தெரியவில்லை. கட்டி கட்டியாக வந்தது. மெலியா துடுப்பை வாங்கிக்கொண்டாள். தியமிகே நின்று கடைசிக் கோப்பைவரை ஊற்றினாள். பிள்ளைகள் குடித்து முடித்ததும் சாம்பலை அள்ளித் தரையில் பரப்பி, எழுதுங்கள் என்றாள்.

அதன் பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.