வார்டில் கேட்ட போர்

"ஏம்மிணி, துப்பாக்கியத் தொடாதவ சண்டையப் பத்தி என்னத்த எழுதுவே?" என்றான் அண்ணன். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்பவன், வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். கோழிப்பண்ணையிலிருந்து வந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். நர்ஸிங் முடித்து, எல்லைப் பக்கத்து ராணுவ மருத்துவமனையில் அதிகாரியாக ஐந்து வருடம் இருந்துவிட்டு நாமக்கல் திரும்பியிருந்தேன். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் குண்டுச் சத்தம் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டார்கள். நான் கேட்ட சத்தம் வேறு. அதைச் சொன்னால் உட்கார்ந்து கேட்க இங்கே ஆளில்லை. அதனால்தான் எழுத ஆரம்பித்தேன்.

போருக்குப் போய்வந்தவர்கள் எழுதிய புத்தகங்களைத் தேடிப் படித்தேன். பலர் வெடிச்சத்தத்தில் தொடங்கி வெற்றியில் முடித்திருந்தார்கள். சிலர் மட்டும் ஈரக் காலுறையைப் பற்றியும், வராத சாப்பாட்டு வண்டியைப் பற்றியும், பயத்தில் வாய் உலர்வதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நான் அவர்களைத்தான் நம்பினேன்.

நான் எழுதிய கட்டுரையை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "கட்டுப் போடறே, காய்ச்சல் பாக்கறே. இதுல சண்டை எங்க?" என்றான். அவன் கேட்டது சரிதான். சண்டை இருந்த இடத்தை நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

அது ஒரு சிப்பாய் என்னிடம் சொன்னது. கண்ணிவெடியில் செவிப்பறை கிழிந்து வந்தவர், வாழப்பாடிக்காரர். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்வார். "சிஸ்டர், அவன் தண்ணி கேட்டான். என் பாட்டில்ல இருந்துச்சு. நான் குடுக்கல." அவன் என்றது பக்கத்திலேயே வயிற்றில் அடிபட்டு இறந்த தோழனை. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வயிற்றில் காயம்பட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு இன்னும் சத்தமாகக் கத்தினார்: "அதுக்காக இல்ல சிஸ்டர். எனக்கு வேணும்னு வெச்சிருந்தேன்."

என்ன சொல்கிறார் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இந்தியில் கேட்டார். தாகமாக இருக்கிறதாம் என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அது இல்லாமல் என் கட்டுரையில் போர் இல்லை. ஆனால் அது அவருடையது. முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எடுத்துக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதை எழுதிச் சேர்த்தேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் கட்டுரையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்து வாழப்பாடிக்குப் போனேன். அங்கே தன் மாமாவின் உரக்கடை இருப்பதாக வார்டில் சொல்லியிருந்தார்.

கல்லாவில் அவரே இருந்தார். இரண்டு காதிலும் மெஷின். குரல் இப்போது மெல்லியதாக இருந்தது. டீ வரவழைத்தார். தாளை நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"நான் சொன்னது அன்னிக்கு எல்லாருக்கும் கேட்டுச்சா சிஸ்டர்?"

தான் கத்தியது அவருக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"கேட்டுச்சுங்க. யாருக்கும் புரியல."

"நல்லவேளை, வார்டுல இன்னொரு தமிழன் இல்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. பிறகு தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க, தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீங்க எழுதிக் காட்டினதோட நிறுத்திட்டீங்க. படிக்கிறவன் என்னைய நல்லவன்னு நெனச்சிக்குவான். நான் சொன்ன பதிலையும் போடுங்க. பேரு மட்டும் வேணாம்."

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அவர் பேனாவையே வாங்கி, அவர் அன்று கத்திச் சொன்ன பதிலை ஓரத்தில் எழுதினேன். சரியா என்று காட்டினேன். தலையசைத்தார். வாழப்பாடி தபால் நிலையத்திலேயே அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத்தான் சேலம் பேருந்தில் ஏறினேன்.