மச்சானின் பிளாஸ்டிக் மீன்

இன்று பின்னேரம் முகத்துவாரத்தில் கொடுவா மீன் பிடிக்கப் போனேன். தூண்டிலில் மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் மீன். அவர் தூங்கி எழும்புவதற்குள் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

வித்தை இதுதான். தடியின் நுனியைத் தாழ்த்தி, இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்து, நூலைத் தளரவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அப்போது அது சாகப்போகிற மீனைப் போலச் சரியும். பெரிய மீன் பாய்வது அந்த நேரத்தில்தான்.

சும்மா நின்றேன். பக்கத்தில் வீச்சுவலையோடு நின்ற ஜவ்பர் மாமா அது சரிவதைக் கண்டுவிட்டார்.

"மாமா, வீசாதீங்க! அது என்ட மீன்!"

"ஒன்ட பேரா எழுதிக் கிடக்கு?" என்றபடியே வீசினார்.

பிளாஸ்டிக் மீனின் கொக்கி எல்லாம் வலைக்குள் சிக்கிவிட்டது. வலையை வெட்டினால் மாமா விடமாட்டார், பிளாஸ்டிக் மீன் இல்லாமல் போனால் மச்சான் விடமாட்டார். இருவரும் மணலில் குந்தி ஒவ்வொரு வலைக்கண்ணாகக் கழற்றினோம்.

கழன்றதும் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேய், மச்சானுக்கிட்டச் சொல்லி எனக்கும் ஒண்டு எடுத்துத் தாவன்."

சொல்லலாம். ஆனால் மாமா இதை எங்கே கண்டார் என்று மச்சான் கேட்பாரே! நல்ல பொய் கைவசம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.