பம்பளிமாசும் கொழுப்பு மாத்திரையும்

பண்ணைக்காட்டுல எங்க காப்பித் தோட்டம் செங்குத்தான சரிவு. எழுபது தாண்டியும் நான்தான் முன்னால ஏறுவேன், காப்பிப் பழம் பறிக்க வர்ற பொம்பளைங்க மூச்சு வாங்கிக்கிட்டுப் பின்னால வருவாங்க. அந்த நடையில எனக்குக் கர்வம் உண்டு, இல்லைங்கல.

ரத்தத்துல கொழுப்பு கூடிருச்சுன்னு டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார். அந்த வருசம் காப்பிச் செடிக்கு ஊடால நின்ன பம்பளிமாஸ் மரம் கிளை ஒடியக் காய்ச்சுக் கெடந்துச்சு. கசப்பும் புளிப்பும் கொழுப்பைக் கரைக்கும்னு எங்க பக்கம் பேச்சு. மாத்திரையும் பழமும் சேர்ந்தா வெரசா கரையுமேன்னு தினமும் ஒரு பழம் உரிச்சுத் தின்னேன்.

கொஞ்ச நாள்ல தொடை வலிச்சுச்சு. கீழ உக்காந்தா கையை ஊணாம எந்திரிக்க முடியல. வீட்டுக்காரர் பாத்துட்டு, "என்ன, மகாராணிக்குப் பல்லக்கு சொல்லிவிடவா?"ன்னார்.

"ஒங்க சோலியப் பாருங்க. ஒங்களையே தூக்கிட்டு ஏறுவேன்."

வலிக்குதுன்னு அவர்கிட்டப் போயிச் சொல்லுவேனா?

ஒருநாள் வெள்ளனே ஒண்ணுக்குப் போனா, கடுங்காப்பி நெறத்துல போச்சு. கால் ரெண்டும் நிக்கல. ஜீப்புல கிடத்தி மதுரைக்குக் கொண்டு போனாங்க.

அங்க டாக்டரம்மா ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. பம்பளிமாஸ்னு சொன்னதும் நிமிந்து பாத்தாங்க.

"இந்த மாத்திரை ஈரல்ல கொழுப்பு உண்டாகுறதத் தடுக்கும்மா. அளவு மிஞ்சினா சதையைக் கெடுக்கும். வழக்கமா குடல் மாத்திரையில பெரும்பங்கை அழிச்சிட்டுத்தான் மிச்சத்த உள்ள விடும். இந்தப் பழம் குடலை அந்த வேலையச் செய்யவிடாது. மாத்திரை ரத்தத்துல ஏறிக்கிட்டே போயிருக்கு. கரைஞ்ச சதை கிட்னியில போயி அடைச்சிருக்கு."

"நான் ஒண்ணுதான போட்டேன்?"

"ஒண்ணுதாம்மா போட்டீங்க. ஒடம்புக்குள்ள நின்னது பல மடங்கு. வலிச்சப்பவே வந்திருக்கலாமே?"

வீட்டுக்காரர் சன்னலப் பாத்துக்கிட்டு நின்னார்.

மிசின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. கிட்னி பாதி திரும்புச்சு. கால் திரும்பல. இப்பக் கட்டில்ல இருந்து கக்கூசுக்குச் செவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன், நடுவுல உக்காந்துக்க ஒரு ஸ்டூல் போட்டிருக்கு. கொழுப்பு இன்னமும் அப்பிடியேதான் இருக்காம். வேற மருந்து குடுத்திருக்காங்க. அதை வாயில போடுறப்பல்லாம் ஒரு கை தானாப் போயித் தொடைய அமுக்கிப் பாக்குது.