சாமி லைட்டும் என் டைப்ரைட்டரும்

எண்பதுகளின் நடுவில், நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. முதலாளி கரண்டில் ஓடும் டைப்ரைட்டரைப் புதிதாக வாங்கியிருந்தார்; அதை அடிக்கத் தெரிந்தவள் என்றுதான் என்னை எடுத்தார். அந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண்ணும் நானே. விரல் பட்டாலே போதும், பொரி பொரிகிற மாதிரி எழுத்து விழும். அந்த மெஷின் மேல் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் கரண்டு பில் எகிறியது. மேனேஜர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாம் இந்த அம்மிணியோட மெஷின் பண்ற வேலைங்க. அதை வித்துப்போட்டா, கடுதாசியெல்லாம் பழைய மெஷின்ல நானே அடிச்சுக்குவேனுங்க" என்றார், என்னை வைத்துக்கொண்டே. மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான். முதலாளி தாடையைத் தடவினார். "அடுத்த ரீடிங் வரைக்கும் பாக்கலாம்" என்றார். வந்த கோபத்தில் அன்றைக்கு நான் அடித்த கடிதம் பூராவும் பிழை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மோகனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் வெயிலுக்காக எங்கள் ஆபீஸ் வாசலில் ஒதுங்கினேன். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. சுவரில் மீட்டர். அதற்குள் இருக்கும் வட்டத் தகடு கரண்டு செலவானால்தான் சுற்றும். உள்ளே ஈ காக்கை இல்லை. தகடோ குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா! ஜன்னலில் காதை வைத்தேன். அந்தக் கோடைக்குப் புதிதாக வந்த முதலாளி அறை ஏ.சி.க்குப் போட்ட ஸ்டெபிலைசர் உர்ரென்றது. அதோடு வந்த வாட்டர் கூலர் யாருமில்லாத ஆபீசுக்குத் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. என் டைப்ரைட்டரின் பிளக்கை முந்தின சாயங்காலம் நானே பிடுங்கிவிட்டுப் போயிருந்தேன். மோகனூராவது ஒன்றாவது! நேராக முதலாளி வீட்டுக்குப் போய், மனுஷரைக் கையோடு கூட்டி வந்து மீட்டர் முன்னால் நிறுத்தினேன்.

"என்ன அம்மிணி இது, ஆபீஸ் பூட்டித்தானே கெடக்குது?" என்றார், கண்ணை எடுக்காமல்.

மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார். கூலரும் ஸ்டெபிலைசரும் நேராக மெயினில் மாட்டியவை, தனிச் சுவிட்சு கிடையாது. "மெயினை ஆஃப் பண்ணுனா சாமி லைட்டு அணைஞ்சு போயிருமுங்களே" என்றார் மேனேஜர். சாமி படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு, ஆபீஸ் திறந்த நாளிலிருந்து ராத்திரி பகலாக எரிவது. அதற்காகவே மெயினில் யாரும் கை வைப்பதில்லை.

"தினமும் கரண்டு போகுதே, அப்ப அணையலைங்களா?" என்று கேட்டேன்.

"அது போனா சாமி பாடு. நம்ம கையால அணைக்கலாமா?"

முதலாளியும் ஆமாம் என்று தலையாட்டினார். சாமியையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டாரே இந்த மேனேஜர்! விடுவேனா? "சாமிக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்துருங்க முதலாளி. அது பாட்டுக்கு எரியட்டும். மிச்சத்தையெல்லாம் சாயங்காலம் நான் மெயின்ல ஆஃப் பண்ணிடறேனுங்க" என்றேன்.

எலக்ட்ரீசியன் வந்தார், வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் மெயினை இறக்கினேன். ஆபீஸ் கப்சிப். சிவப்பு பல்பு மட்டும் ஜம்மென்று எரிந்தது. மீட்டர் தகடு நகர்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். "ஏனுங்க, ஆபீசைப் பூட்டிப் போட்டுட்டு எங்காச்சும் போயிட்டீங்களா?" என்று கேட்டார்.

முதலாளி சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பூட்டலைங்க! எல்லா வேலையும் நடந்துது. ராத்திரி கரண்டுக்கு மட்டும் எங்க அம்மிணி லீவு உட்டிருச்சு!" என்றார். மெஷினை விற்கிற பேச்சு அதோடு செத்தது. நான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன மகானா?

அன்று சாயங்காலம் குடையும் கையுமாக வாசல் வரை போன மேனேஜர் திரும்பி வந்தார். "ஏனுங்க அம்மிணி, மெயினை ஆஃப் பண்ணிரலாமுங்களா?"

"இருங்க சார், இன்னும் ஒரு கடிதம் பாக்கி" என்று சொல்லி, அவரை நிற்க வைத்துவிட்டு, என் மெஷினில் தடதடவென்று அடித்தேன்.