குரங்கணி வளைவில் நான் எடுத்துப்போட்ட தழை

படிவங்களில் 'மதம்' என்ற கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதுகிற ஆள் நான். இருபது வருடமாக அப்படித்தான். இந்த வலைப்பதிவில் கோயில் ஊருக்குப் போனாலும் கோயிலை விட்டுவிட்டுத்தான் எழுதுவேன், அதற்குத் திட்டும் வாங்குவேன். போன புரட்டாசியில் அலுவலகம் ஒரேயடியாகச் சலித்துப்போய், மூன்று நாள் விடுப்பில் போடிக்குக் கிளம்பினேன். ஏலக்காய் எடுக்கும் பருவம். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க நண்பர் அனுமதி வாங்கித் தந்திருந்தார். மலையைப் பற்றி எழுதத்தான் போனேன். ஆனால் இந்தப் பதிவு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது.

மதுரையிலிருந்து காலை ரயிலில் போடிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. அன்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினேன், அறுநூறு ரூபாய். மறுநாள் காலை 6.10 பேருந்தில் பதினாறு கிலோமீட்டர் போய்க் குரங்கணியில் இறங்கினால், தோட்டத்து ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்கள் பதினோரு பேர். முன்சீட்டில் எனக்கு இடம், நூற்றைம்பது ரூபாய்.

ஓட்டுநர் பெயர் செல்வம், நாற்பது வயதிருக்கும். ஏறியதுமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. காரணம், வண்டியில் ஒரு சாமி படம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, நெற்றியில் திருநீறு இல்லை. கேட்டேன்.

"நமக்கு அந்தச் சோலியே இல்லண்ணே. கோயில் வாசல மிதிச்சு வருசக்கணக்காச்சு" என்றார்.

பின்னாலிருந்து ராசிங்காபுரம் பாண்டியம்மா, ஐம்பது வயதுக்காரர், "அவனுக்கும் சேத்து நாங்க கும்புட்டுக்கிறோம் தம்பி" என்றார். ஜீப்பே சிரித்தது. நம்ம ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஆறாவது கிலோமீட்டரில், ஒரு கொண்டை வளைவில், செல்வம் வண்டியை நிறுத்தினார். ஓரத்துச் செடியில் ஒரு தழையை ஒடித்தார். பள்ளத்துப் பக்கம் இருந்த பெரிய கல்லின் மேல், காய்ந்து கிடந்த பழைய தழைகளுக்கு மேல் அதை வைத்து, காற்றில் போகாமல் ஒரு சின்னக் கல்லைப் பாரமாக வைத்தார். "வர்றேன்டா தவசி" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார்.

தவசி அவரோடு ஜீப் ஓட்டியவர். ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அந்த வளைவில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். காலையில் வைத்த தழை சாயங்காலம் அப்படியே கிடந்தால்தான் செல்வம் ஆட்களோடு அந்த இடத்தைத் தாண்டுவாராம். இல்லையென்றால் வெறும் வண்டிதான் இறங்கும்.

"சாமி இல்லங்கிறீங்க, இது மட்டும் என்னவாம்?" என்றேன். குரலில் கேலி இருந்தது, மறைக்கவில்லை.

"அது சாமி இல்லண்ணே. என் கூட்டாளி."

"செத்தவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமயும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார். அதோடு அவர் விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை. நம்பிக்கையுள்ளவர்களை எனக்குப் பொறுத்துக்கொள்ளத் தெரியும். நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டுத் தழை வைக்கிறவரைப் பொறுக்க முடியவில்லை.

7.45-க்குத் தோட்டம். ஏலச்செடிகளுக்குள் நடந்தேன், காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்தேன். பாண்டியம்மா பச்சைக்காய் ஒன்றை உரித்துக் கையில் வைத்து, "மென்னு பாருங்க" என்றார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு, சும்மா நடப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் இறங்கி அந்த வளைவுக்குப் போனேன்.

பாரக் கல்லைத் தள்ளிவிட்டு, தழைகளை மொத்தமாக வாரிப் பள்ளத்தில் போட்டேன். கீழே மொட்டைக் கல். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, ஒன்றுமே இல்லை. அதைப் படம் எடுத்துக்கொண்டேன். 'இதற்குத்தான் இத்தனை பயம்' என்று தலைப்புகூட மனதில் தயாராகிவிட்டது. பதிவுக்கு நல்ல தீனி என்று விசிலடித்துக்கொண்டே மேலே ஏறினேன்.

4.15-க்கு வண்டி இறங்கியது, தூறலும் சேர்ந்துகொண்டது. வளைவில் செல்வம் நிறுத்தினார். கல்லைப் பார்த்தார்.

"இங்கன யாராச்சும் தொட்டீகளா?"

பின்னால், "நாங்க எங்கிட்டுய்யா எறங்கினோம், காட்டுக்குள்ள கெடந்தோம்" என்றார்கள். என்னையும் பார்த்துக் கேட்டார், "நீங்கண்ணே?"

நான் செல்போனைத் துழாவிக்கொண்டே தலையை ஆட்டினேன். இல்லை என்று.

"அப்ப எல்லாரும் எறங்குங்க. நான் வெறும் வண்டியக் கீழ கொண்டுபோறேன். குரங்கணியில தார் ரோட்டுல ஏத்திக்கிறேன்."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஆறு கிலோமீட்டர், சேறு, அட்டை. அப்போது நான் எனக்குள் சொல்லிக்கொண்டது, மூடநம்பிக்கைக்குத் துணைபோகக் கூடாது என்று. பச்சைப் பொய். பதினோரு பேர் முன்னால் அசிங்கப்படப் பயந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கிலோமீட்டரில் பாண்டியம்மா வழுக்கி விழுந்தார். முட்டி பிசகி, காலை ஊன்ற முடியவில்லை. "பத்து நாளைக்கு வேலைக்குப் போக முடியாது போலயே, பருவமும் அதுவுமா" என்று சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். கெந்திக் கெந்தி வந்தார். வழியெல்லாம், "நீ நல்லாருப்ப தம்பி, எந்த ஆத்தா பெத்த பிள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் அக்கா இறந்து நான்கு வருடம். எந்தப் பயணத்திலும் வண்டி கிளம்பியதும் அவள் எண்ணுக்கு 'ஏறிட்டேன்' என்று ஒரு செய்தி அனுப்புவேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். அனுப்பாமல் போக எனக்குத் துணிச்சல் கிடையாது. அன்று காலைப் பேருந்திலும் அனுப்பியிருந்தேன். மதம் இல்லை என்று எழுதும் கைதான் அதையும் அனுப்பியது. அந்தக் கையால்தான் செல்வத்தின் தழையை வாரிப்போட்டேன்.

6.40-க்குக் குரங்கணி. செல்வத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் கேட்டப்ப சொல்லிருக்கலாம்லண்ணே" என்றார். "நீங்கதான் எடுத்தீகன்னு தெரிஞ்சா, வேற தழைய ஒடிச்சு வெச்சிட்டு வெரசா ஏத்திட்டு வந்திருப்பனே. அதுல என்ன இருக்கு?" பிறகு, "பாண்டியம்மா மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

பாண்டியம்மா முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சொன்னேன். மருத்துவச் செலவு என்று பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தழைய எடுத்தது கெடக்கட்டும். அம்புட்டுத் தூரம் உன் தோள்ல சாஞ்சு வந்தனே, அப்பயும் உனக்கு வாய் வரலயா?"



போக நினைப்பவர்களுக்கு: குரங்கணிக்குப் போடியிலிருந்து பேருந்து குறைவு, நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே நடந்து ஏற வனத்துறை அனுமதி கட்டாயம். அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ கொண்டுபோங்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். வளைவில் கல்லின் மேல் தழை கிடந்தால் தொடாதீர்கள். தொட்டுத் தொலைத்துவிட்டால், கேட்கும்போதே ஒத்துக்கொள்ளுங்கள். வளைவிலிருந்து குரங்கணிக்கு ஆறு கிலோமீட்டர், கெந்தி நடக்கிறவரோடு இரண்டு மணி இருபது நிமிடம். உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எனக்கு வழியெல்லாம் கிடைத்துக்கொண்டே இருந்தது.