முந்திரிக்காட்டில் நிற்காத பஸ்

மல்லிகைப்பூ வாசனை வந்தால் எல்லோருக்கும் கல்யாணம் ஞாபகம் வரும். எனக்கு வயிற்றுப்போக்குதான் ஞாபகம் வரும்... சிரிக்காதீர்கள்!

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் முதல் பஸ். அப்போது நான் புதுக் கண்டக்டர், புது மாப்பிள்ளையும்கூட. பஸ் நிறையப் பூ மூட்டைகள். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டேன். காய்ச்சல் விட்டது, வயிறு பிடித்துக்கொண்டது.

பாதி வழியில் முந்திரிக்காடு வந்ததும் ஒற்றை விசில் அடிப்பேன். பஸ் நிற்கும். தண்ணீர் பாட்டிலோடு ஓடுவேன்...

"ஏப்பா கண்டக்டரு, ஒன் வயித்துக்கு ஒரு டைம் கீப்பர் போடணும்போல! பூவெல்லாம் வாடுதுப்பா" என்று பூ யாவாரம் செய்யும் வசந்தாக்கா கத்துவார். மானம் போகும்.

கடைசியில் முதலாளி கூப்பிட்டார். "லீவு போட்டு ஒடம்பப் பாரு. அதுக்கப்பறமும் வண்டி நின்னுச்சு, டிக்கெட் பையக் குடுத்துட்டுப் போயிரு."

டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"மாத்திர, கெட்ட கிருமியோட நல்ல கிருமியவும் அழிச்சிருச்சுங்க. மோரு, பழைய சோறு சாப்புடுங்க. சின்ன வெங்காயம் கடிச்சுக்கங்க, அது நல்ல கிருமிக்குத் தீனி."

சாப்பிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. லீவு வேறு முடியப்போகிறது. மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். இந்த முறை மனைவி மலரும் கூட வந்தாள்.

"பழைய சோறு எப்புடிம்மா குடுக்குறீங்க?"

"ராத்திரி தண்ணி ஊத்தி வச்சிருவேன் டாக்டர். காலையில கிருமி இருக்குமேன்னு நல்லா ஒரு கொதி விட்டுத்தான் குடுப்பேன்."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கிருமிக்காகத்தானம்மா குடுக்கச் சொன்னேன்!"

அதன்பிறகு பழைய சோறு அடுப்புப் பக்கமே போகவில்லை. வயிறு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

லீவு முடிந்த முதல் நாள். முந்திரிக்காடு நெருங்கியது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வசந்தாக்கா பூ மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். வயிற்றில் ஒரு சத்தம் இல்லை...

அடித்தேன் பாருங்கள் டபுள் விசில்!

பஸ்ஸே கைதட்டியது. வசந்தாக்கா ஒரு முழம் மல்லிகையை என் கையில் திணித்து, "ஒம் பொண்டாட்டிக்குக் குடுப்பா" என்றார்.

இப்போது என் மகள் அதே நல்ல கிருமியையும் அதன் தீனியையும் புரோபயாடிக், ப்ரீபயாடிக் என்று பாட்டில் பாட்டிலாக வாங்கி வருகிறாள். "பாத்துடி, கொதிக்க வச்சிராத" என்று மலரே கிண்டல் செய்கிறாள். எனக்கு இன்றும் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான்.

முந்திரிக்காடு இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வந்துவிட்டது. சுத்தமான பாத்ரூம்கூட இருக்கிறதாம்... நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. அந்த இடம் வந்தால் எனக்கு டபுள் விசில்தான்!