கீசரின் சுவிட்ச்

கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, என் சீரோடு ஒரு செம்பு பாய்லரும் வந்தது. எட்டு வருஷம் விடிவதற்கு முன் எழுந்து, அதன் நடுக்குழாயில் சிரட்டையும் கரியும் போட்டு, கண் எரிய ஊதிப் பற்றவைத்தேன். பற்றாத நாட்களில் அதை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் சிநேகிதர் வீட்டுக்குப் போய், கீசர் வெந்நீரில் குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "இனி நீ புகையில கெடந்து சாக வேண்டாம்" என்றார். சொன்னபடியே கீசரும் வாங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பாய்லரைப் புளி போட்டு விளக்கிப் பரணில் ஏற்றினேன்.

மாட்ட வந்த வயர்மேன் கேட்டார்: "சுவிட்ச் எங்கன வைக்க, அண்ணாச்சி? பாத்ரூமுக்கு அடுத்தாப்ல ஒங்க படுக்கை ரூமுதான். இந்தச் சுவத்துல வச்சா படுத்துக்கிட்டே போட்டுக்கலாம்."

இவர் யோசிக்கவேயில்லை. "அடுப்பங்கரையில வைங்க. அவதான மொதல்ல எந்திப்பா."

வயர்மேன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூடத்துச் சுவர் நெடுக மரக்கட்டை அடித்து, அதன்மேல் அடுப்பங்கரை வரைக்கும் வயரை இழுத்தார்.

மறுநாளும் வழக்கமான நேரத்துக்கே எழுந்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, ஊத ஒன்றும் இல்லாமல் நின்றேன். படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, வெந்நி போட்டுட்டியா?"

பரணை நிமிர்ந்து பார்த்தேன். எட்டு வருஷமாக நான் திட்டியதெல்லாம், பாவம், அந்தப் பாய்லரை.